இணையச் சமூகங்களின் நலம்



ஒரு பாடசாலை செவ்வனே நடைபெறுகின்றதா என்று அறிய விரும்புவோர் முதலில் வரவு இடாப்பைப் பார்ப்பர். இடாப்பிலே பெயர்கள் நிறைந்திருக்கலாம். ஆனால், புதிதாகச் சேர்ந்த பிள்ளை அங்கே எவ்வாறு நடத்தப்படுகின்றது, பெரியவர் பிழைவிட்டால் அதனை எடுத்துரைக்க இடமுண்டா என்பனவற்றை இடாப்புச் சொல்லாது. இணையத்தின் வழியே கூடி உழைக்கும் சமூகங்களுக்கும் இது பொருந்தும். அவற்றின் நலத்தை அளக்குங் கோல் எது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

யாவரும் எழுதவும் திருத்தவும் கூடிய கலைக்களஞ்சியமாகிய விக்கிப்பீடியாவை எடுத்துக்கொள்வோம். 2001 ஆம் ஆண்டு தொடங்கிய ஆங்கில விக்கிப்பீடியா 2007 இல் இருபது இலட்சம் கட்டுரைகளையும், 2012 இல் நாற்பது இலட்சத்தையும் எட்டியது. எண்ணிக்கையை மட்டும் நோக்குவார்க்கு இது பெருவளர்ச்சியே. ஆயினும், 2007 இல் உச்சத்தை அடைந்த அதன் ஊக்கமுள்ள தொகுப்பாளர் தொகை, 2013 அளவில் மூன்றிலொரு பங்குக்குமேற் குறைந்துவிட்டது. களஞ்சியம் நிறைந்தது; உழவர் குறைந்தனர்.

காரணம் யாது? விஷமிகளைத் தடுக்கவென வகுத்த விதிகளும் தானியங்கிக் கருவிகளும் நல்லெண்ணத்தோடு வந்த புதியவரையும் விரட்டின என ஆய்வாளர் கண்டனர். முதன்முதல் எழுதிய வரிகள் காரணங் கூறப்படாமலே நீக்கப்பட்டால், எழுதியவர் மீண்டும் வருவாரா? வேலி பயிரைக் காக்கவேண்டும், நாற்றையே நெரித்தலாகாது.

இதனினும் கொடிய நோயொன்று குரோசிய மொழி விக்கிப்பீடியாவைப் பற்றியது. அங்கே ஒரு சிறு குழுவினர் நிர்வாக அதிகாரத்தைக் கைப்பற்றி, மாறுபட்டுப் பேசியோரைத் தடைசெய்து, வரலாற்றைத் தம் விருப்பின்படி திரித்தனர். 2013 இல் அந்நாட்டுக் கல்வி அமைச்சரே, அதனை நம்பவேண்டாமென மாணவரை எச்சரிக்க நேர்ந்தது. முக்கிய நிர்வாகி ஒருவர் 2020 இல் விலக்கப்பட்ட பின்னரே நிலைமை சீர்படத் தொடங்கிற்று. அங்கே பூசல் ஓய்ந்திருந்த காலமும் உண்டு. எதிர்த்துப் பேசுவோர் வெளியேற்றப்பட்டமையால் வந்த அமைதி அது, நலத்தின் அறிகுறியன்று.

ஆகவே, மூன்று வினாக்களை எழுப்புதல் தகும். புதியவரின் பிழையைப் பொறுமையோடு திருத்துவாருண்டா? கருத்து வேறுபாடு சான்று காட்டித் தீர்க்கப்படுகின்றதா, அன்றி அதிகாரங் காட்டியா? பொறுப்பு ஒரு சிலர் கையிலே தேங்காது, பின்வருவோரிடமும் செல்கின்றதா?

இவ்வினாக்கள் நமக்குப் புறம்பானவையல்ல. தமிழ் விக்கிப்பீடியா 2003 இல் தொடங்கியது. அதன் தொடக்ககாலத்தே அயராது உழைத்தவர்களுள் ஈழத்தவரான இ. மயூரநாதன் குறிப்பிடத்தக்கவர். 2017 இல் அது ஓர் இலட்சங் கட்டுரைகளைத் தாண்டிற்று. நம் மாணவர் பலர் ஒப்படைகளுக்கு முதலில் நாடுவது இதனையே. சிறு சமூகத்திலே ஒருவர் மனமுடைந்து விலகினும் இழப்புப் பெரிது. ஒருவர் தவறாக ஆளினும் கேடு பெரிது.

எனவே, இத்தகைய சமூகமொன்றிற் சேர்வோர் அங்கே எத்தனை பேர் உளர் என்று எண்ணுவதோடு அமையாது, நேற்று வந்தவர் இன்றும் அங்கே இருக்கின்றாரா என்று பார்ப்பாராக. அவர் இல்லையாயின், ஏன் சென்றார் என்று கேட்பாராக. அக்கேள்விக்கு மறைவின்றி விடைகூறக்கூடிய சமூகமே நலமுள்ள சமூகம்.