கோட்டைக் கடக்கும் தனியலை
(சங்க ஆண்டு விழாச் சொற்பொழிவு)



பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையின் எல்லைச் சிற்றூர்களிலும் பிறந்து, பிழைப்பு நாடி இக்காலனிக்கு வந்த நமக்குக் கோடு என்பது இன்னதென்று எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. இஞ்சிவிளையில் வீடும் களியக்காவிளையில் சந்தையுமாக வாழ்ந்தவர்கள் ஒரே நாளில் இரு மாநிலத்தவர் ஆயினர். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டதும் கோட்டைப் பற்றியதே. ஆனால் அது பௌதிகர்கள் வரைந்த கோடு.

1834-இல் எடின்பரோ அருகே ஒரு கால்வாயில் படகு திடீரென நின்றது. அதன் முன் திரண்ட நீர் ஒற்றை மேடாகக் கிளம்பி, உருக்குலையாமல் ஓடிற்று. ஸ்காட் ரஸ்ஸல் என்பார் குதிரை மீது அதனை ஒன்றிரண்டு மைல் பின்தொடர்ந்தார். (நமக்கு நெய்யாற்று இடதுகரைக் கால்வாய் நினைவுக்கு வரும். அதன் வழக்கைப் பேச இது மேடையன்று.) அத்தகைய அலைகளுக்கு 1965-இல் 'சாலிட்டான்' என்று பெயரிட்டனர், நாம் தனியலை என்போம். இரு தனியலைகள் மோதினாலும் தத்தம் உருவோடு பிரிந்து செல்லும். அவற்றை ஆளும் சமன்பாடுகளில் எண்ணிறந்த அளவுகள் மாறாது நிற்பதே காரணம். காந்தச் சுழற்சிகளின் சங்கிலியும் இவ்வினத்தது என்று 1977-இல் காட்டியவர், பின்னர்த் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் மு. லட்சுமணன். நம்மவர் என்பதால் பெருமையோடு சொல்கிறோம்.

இனி, அலை ஓடும் வழியில் ஓரிடத்தில் ஒரு பழுது இருக்கட்டும். பொதுவாக அங்கே அலை சிதறும், ஒரு பங்கு திரும்பி வரும், ஒழுங்கு கெடும். ஒழுங்கு கெடாத பழுது உண்டா? நீளம் ஒன்றும் காலம் ஒன்றுமாக இரு பரிமாணமுடைய புலங்களில் இதனை 1994-இல் டெல்பினோ, முசார்டோ, சிமோனெட்டி ஆகியோர் ஆராய்ந்தனர். துகள்கள் ஒன்றையொன்று மெய்யாகவே தாக்கும் புலமாயின், அவர்கள் வைத்த நிபந்தனைகளின்படி, பாதியை விட்டுப் பாதியைத் திருப்பும் பழுது ஒழுங்கோடு பொருந்தாது. விட்டால் முழுதும் விடவேண்டும்.

சில ஆண்டுகளுக்குப் பின் பௌகாக், காரிகன், சம்போன் என்போர் அத்தகைய பழுதை எழுதியே காட்டினர். தனியலை அதனைத் தாண்டும்போது சற்றே தாமதமாகும். அல்லது எதிர்முறுக்குள்ள அலையாக மாறி வெளிப்படும். வேகம் பழுதின் அளவோடு சரியாகப் பொருந்திவிட்டால் அங்கேயே விழுங்கப்படும். ஆனால் திரும்பி வருவதில்லை.

நம்மை வியக்கவைத்தது வேறொன்று. பழுது ஓரிடத்தில் நிலைத்திருப்பதால், அலையின் உந்தம் அங்கே காணாமற் போகவேண்டும். கணக்கிட்டாலும் இருபுறத்து உந்தமும் ஒத்துவரவில்லை. பின்னர்க் கோட்டின்மேலேயே ஒரு பங்கு இருப்பதைக் கண்டு அதனையும் கூட்டினர், கணக்கு நேராயிற்று. இரு புறத்தையும் எண்ணிக் கோட்டின்மேல் இருப்பதை எண்ண மறந்த கணக்குகளை நம் ஊரார் அறிவார்கள்.

பக்கத்து அறையில் நம் இளைஞர்கள் ரப்பர் நாடாவில் வரிசையாகக் குண்டூசிகளைக் குத்தி வைத்திருக்கிறார்கள். ஒரு முனையை முழுச் சுற்றுத் திருகினால் அம்முறுக்கு மறுமுனை வரை ஓடும். நடுவே ஓர் ஊசியில் மெழுகு ஒட்டியுள்ளது. அங்கே சிற்றலை சிதறுவதைக் காணலாம். சிதறாத பழுதை ஊசியால் செய்யும் வழி நமக்குத் தெரியவில்லை. அதனைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறோம். குழந்தைகள் ஒவ்வொருவராக வந்து பார்க்கலாம்.