உழவர் கண்ணும் ஆய்வாளர் கையும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

அடியேன் பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வேயில் குமாஸ்தாவாகப் பணியாற்றுகிறவன். உழவுக் கலையில் பண்டிதன் அல்லேன். ஆயினும், நாம் பிழைக்க வந்த இச் சோட்டா நாகபுரி மண்ணுக்கு உரிய ஒரு நெல்லின் வரலாற்றை நம்மவர் அறிந்திருத்தல் வேண்டும் என்னும் ஆவலால் சில சொற்கள் கூற முன்வந்தேன்.

நெல் என்றதும் நம் நினைவுக்கு வருவன காவிரி பாயும் வயலும் வாய்க்காலுமே. இங்கோ, மேட்டிலும் சரிவிலும் வானத்தை நம்பியே விதைக்கிறார்கள். மழை சற்று முன்னதாக ஓய்ந்துவிட்டால் கதிர் பதராகிவிடும். ஆகவே, இம் மேட்டு நிலத்துக்கு வேண்டுவது விரைவில் முதிரும் நெல். அது ஆவணிக் கடைசியிலோ புரட்டாசியிலோ வீடு வந்து சேர்ந்தால்தான், பழைய தானியம் தீர்ந்துபோன வீட்டில் அடுப்பு எரியும். தலைமுறை தலைமுறையாக இவர்கள் காத்துவந்த 'கோரா' நெல் விரைவில் முதிர்வதுதான். ஆனால் விளைச்சல் குறைவு, அரிசியும் பருமன்.

ஆராய்ச்சி நிலையங்கள் புதிய வித்துக்களை வெளியிடாமல் இல்லை. எனினும், அங்கே தராசில் நிற்கும் எடையே பெரிதாக எண்ணப்பட்டது. வைக்கோல் மாட்டுக்குப் போதுமா, சோறு வாய்க்கு இதமாக இருக்குமா, சந்தையில் என்ன விலை போகும் என்பவற்றை உழவனும் அவன் இல்லாளும் அன்றோ அறிவார்கள்?

1990-களில் குஜராத் மாநிலத்துப் பஞ்சமகால் மாவட்டத்திலும், அதனை அடுத்த பழங்குடியினர் பகுதிகளிலும், கிரிப்கோ கூட்டுறவு நிறுவனத்தின் திட்டத்தின் கீழ் ஒரு புது முறை கையாளப்பட்டது. பல நெல் வகைகளை உழவரிடமே கொடுத்து, அவரவர் நிலத்தில் அவரவர் வழக்கப்படி பயிரிடச் செய்தனர். அவர்கள் விரும்பித் தேர்ந்தெடுத்தது கலிங்கா-3. அது ஒடிஷாவுக்கென வெளியிடப்பட்ட நெல். அப் பகுதிகளுக்கு அதிகாரிகள் பரிந்துரைத்த பட்டியலில் இல்லாதது. உழவரைக் கேட்ட பின்னரே அதன் அருமை புலப்பட்டது!

ஆயினும் கலிங்கா-3க்கு ஒரு குறை உண்டு. அதன் தாள் எளிதில் சாய்ந்துவிடும். எனவே, உறுதியான தண்டும் நீண்டு மெலிந்த அரிசியும் உடைய ஐ.ஆர்.64 உடன் அதனை இனக்கலப்புச் செய்தனர். ராஞ்சியிலுள்ள பிர்சா வேளாண்மைப் பல்கலைக்கழகமும், கிராமீன் விகாஸ் டிரஸ்ட் என்னும் அமைப்பும், பிரிட்டனில் வேல்ஸ் பகுதியைச் சேர்ந்த பாங்கர் பல்கலைக்கழக அறிஞர்களும் இப்பணியில் ஒன்றுகூடி உழைத்தனர்.

கலப்பில் பிறந்த பயிர் இரண்டாம் தலைமுறை தொடங்கிச் சில தலைமுறைகள் வரை ஒரே சீராக இராது. நெட்டையும் குட்டையும் கலந்து நிற்கும். அந்த நிலையிலேயே விதையை உழவரிடம் ஒப்படைத்து, அவர்களே தேர்ந்தெடுக்கச் செய்தது ஒரு வழி. ஆய்வாளர் தம் வயலில் தேர்ந்தெடுத்து, பின்னர் உழவரின் கருத்தைக் கேட்டது மற்றொரு வழி. முன்னதில் பிறந்தது அசோகா 200 எஃப். பின்னதில் பிறந்தது அசோகா 228. ஜார்க்கண்டில் இவை பிர்சா விகாஸ் தான் 109, 110 என்னும் பெயர்களில் வெளியிடப்பட்டன. ஏறத்தாழ மூன்று மாதத்தில் முதிர்வன. அரிசியும் மெலிந்து நீண்டது.

அன்பர்களே! மகரந்தம் சேர்க்கும் நுட்பம் ஆய்வாளருடையது. இந்த மேட்டில் எது நிற்கும் என்னும் தெளிவு உழவருடையது. ஒன்றில்லாமல் மற்றொன்று முழுமை பெறாது. 2001ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பயிர் வகைகள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டமும், உழவர் தாம் உருவாக்கிய வகையைத் தம் பெயரிலேயே பதிவு செய்துகொள்ள இடமளித்துள்ளது.

நம் காலனி வாசலில் கூடையுடன் வந்து நிற்கும் கிராமத்தாரை, "ஒன்றும் அறியாதவர்கள்" என்று நம்மில் சிலர் பேசுவதுண்டு. அவர்கள் எழுத்தறியாதவராய் இருக்கலாம், வித்தறிந்தவர்கள். அடுத்த முறை அவர்களிடம் விலையை மட்டும் கேளாமல், "இது என்ன நெல்? எந்த நிலத்தில் விளைந்தது?" என்றும் கேட்போமாக. நம் பிள்ளைகளுள் எவரேனும் வேளாண்மைக் கல்லூரிக்குச் செல்வாராயின், அவர் கற்கவேண்டிய முதற் பாடமும் அவ்வாறு கேட்பதேயாகும்.

 வாழ்க உழவர்! வளர்க நம் சங்கம்!