உப்பைத் தாங்கும் பூ

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன கூட்டத்தில் ஒரு கேள்வி வந்தது. பின்பக்க மதிலோரம், வாட்டர் சாஃப்ட்னரின் கழிவுநீர் விழும் இடத்தில் செம்பருத்திச் செடிகள் பட்டுப்போயின. வாடுகிறதே என்று வாட்ச்மேன் தினமும் தண்ணீர் ஊற்றினார், பிழைக்கவில்லை. "உப்பு மண்ணில் வளரும் செடி ஏதாவது இருக்குமே, அதை வைத்தால் என்ன?" என்று ஒருவர் கேட்டார். தாவரவியல் பாடம் நடத்தியவன் என்பதால் பதில் சொல்லும் வேலையை என்னிடம் விட்டீர்கள்.

அப்படி ஒரு செடி உண்டு. வங்கராவச்சி என்பார்கள், ஓர்ப்பூடு என்றும் சொல்வதுண்டு. தாவரவியல் பெயர் செசுவியம் போர்ச்சுலகாஸ்ட்ரம். 2019 வரை கோவளமும் மாமல்லபுரமும் நம் மாவட்டத்தில்தானே இருந்தன? அந்தப் பக்கம் போகும்போது முட்டுக்காடு கழிமுகத்தின் ஓரத்திலும், கேளம்பாக்கம் கோவளம் சாலையில் உப்பளங்களை ஒட்டியும் தரையைப் பாருங்கள். சிவந்த தண்டு தரையோடு படர்ந்திருக்கும். இலை பருப்புக்கீரை போலத் தடித்திருக்கும். நட்சத்திரம் போல, ஐந்து முனையுடன் இளஞ்சிவப்புப் பூ. வெயிலில் சில மணி நேரம் விரிந்து மூடிவிடும். வண்டியில் போகிறவர் கண்ணில் படாது, இறங்கி நடந்தால்தான் தெரியும்.

மண்ணில் உப்பு மிகுந்தால் வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. ஈரம் இருந்தும் செடி தாகத்தில் சாகும். நம் செம்பருத்திக்கு நேர்ந்தது அதுதான். வங்கராவச்சி உப்பையும் சேர்த்தே உறிஞ்சி, இலையின் செல்களுக்குள் இருக்கும் பைகளில் பூட்டி வைக்கிறது. இலை தடித்திருப்பதும் கடித்தால் கரிப்பதும் அதனால்தான். பிலிப்பைன்ஸில் இதை ஊறுகாய் போடுகிறார்கள். நம் நாட்டிலும் இத்தகைய செடிகளுக்கு மதிப்பு கூடியிருக்கிறது. 1930இல் ராஜாஜி உப்பு அள்ளிய வேதாரண்யத்தில், உவர்நிலத் தாவரங்களுக்கென்றே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு தோட்டம் வைத்திருக்கிறது.

சரி, நம் மதிலோரம் வைக்கலாமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2007இல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு ஹெக்டேரில் வளர்த்தால் இந்தச் செடி 4 மாதத்தில் சுமார் 474 கிலோ உப்பை மண்ணிலிருந்து எடுக்கும் என்பது அவர்கள் மதிப்பீடு. இதன் கூட்டாளியான உமரி இன்னும் கொஞ்சம் கூடுதலாக, 504 கிலோ எடுக்கும்.

நம் சாஃப்ட்னரை வாரம் இரண்டு முறை கழுவுகிறோம். முறைக்கு 25 கிலோ உப்பு. நான்கு மாதத்துக்கு 850 கிலோ ஆகிறது. இதை உறிஞ்ச ஏறக்குறைய நாலரை ஏக்கர் வங்கராவச்சி வேண்டும். நம்மிடம் இருப்பது மதிலோரம் நான்கடி அகலம்! அது மட்டுமல்ல. செடி உப்பை அழிப்பதில்லை, தன்னுள் வைத்துக்கொள்கிறது. இலை உதிர்ந்தால் உப்பு திரும்ப மண்ணுக்கே வரும். அறுத்து வெளியே அகற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மழை பெய்தால் மிச்ச உப்பு கீழே இறங்கும். அங்கே இருப்பது நம் போர்வெல்.

சாஃப்ட்னரே வேண்டாம் என்று சொல்லவில்லை. கடின நீரின் தொல்லை இந்த ஊருக்குப் புதிதல்ல. பட்டுநூலைச் சோப்புப் போட்டு வேகவைக்கும் வீட்டில் கேளுங்கள், கடின நீரில் சோப்பு திரிந்து நூலில் படியும் என்பார்கள். ஆனால் மூன்று காரியங்கள் நம் கையில் இருக்கின்றன.

ஒன்று, கிழமை பார்த்துக் கழுவுவதை நிறுத்தி, நீரின் கடினத்தன்மையைச் சோதித்துத் தேவைப்படும்போது மட்டும் கழுவுவது. சோதனைப் பெட்டி கடையில் கிடைக்கிறது. இரண்டு, கழிப்பறை ஃப்ளஷுக்குப் போகும் குழாயைச் சாஃப்ட்னரிலிருந்து பிரிப்பது. அதற்கு மென்னீர் எதற்கு? மூன்று, கழுவிய உப்புநீரை மண்ணில் விடாமல், கசியாத தொட்டியில் விட்டு வெயிலில் வற்றவைப்பது. இடமும் செலவும் எவ்வளவு ஆகும் என்று குழு பார்த்துச் சொல்லட்டும்.

இதோடு, 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயமான மழைநீர்த் தொட்டியைத் தூர்வாரி வைத்தால் போர்வெல் நீரின் கடினமும் நாளடைவில் குறையலாம்.

மதிலோரம் நாலு தண்டு வங்கராவச்சி நட்டுத் தருகிறேன். சாலையோரத்தில் பறித்ததல்ல, தொட்டியில் வளர்த்தது. அது உப்பைத் தீர்த்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அதன் பக்கத்தில் ஒரு செம்பருத்தியும் வைப்போம். செம்பருத்தி பிழைத்தால் நாம் திருந்திவிட்டோம் என்று அர்த்தம்.