வாத்தியார் தலையில் எத்தனை மூட்டை?

(ஆசிரியர் தினத்தன்று, கெடா மாநிலம் பீடோங் வட்டாரத்தில் நடந்த தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று மே 16, ஆசிரியர் தினம். 1956ஆம் ஆண்டு இதே நாளில் ரசாக் கல்வி அறிக்கையைக் கூட்டரசு சட்டமன்றம் ஏற்றுக்கொண்டது. அதன் ஞாபகார்த்தமாகவே நம் நாட்டில் இந்த நாளைக் கொண்டாடுகிறோம். வழக்கமாக வாத்தியாருக்கு ஒரு மாலை போடுவோம். ஏணி என்போம், தோணி என்போம். பலகாரம் சாப்பிட்டுவிட்டுக் கலைந்து போவோம். இன்று நாம் மாலையோடு வரவில்லை. ஒரு கணக்கோடு வந்திருக்கிறோம். கிராணி வேலை பார்ப்பவர்களுக்குக் கணக்குத்தானே தெரியும்!

தோட்டப் பள்ளி வாத்தியாருக்கு என்ன வேலை என்று கேட்டால், பாடம் சொல்லிக் கொடுப்பது என்று எல்லோரும் சொல்வோம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பால் விடியற்காலையில்தான் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். ஆகவே தாயும் தகப்பனும் இருட்டிலேயே மரத்துக்குப் போய்விடுகிறார்கள். பிள்ளையை எழுப்பி, முகம் கழுவி, பள்ளிக்கு அனுப்ப வீட்டில் ஆள் இல்லை. எட்டு மணிக்குப் பெயர் கூப்பிட்டால் நான்கு பேரைக் காணோம். லயத்துக்குப் போய்க் கதவைத் தட்டி அழைத்து வருகிறவர் யார்? வாத்தியார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுகிறவர் யார்? வாத்தியார். அரசாங்கத்திலிருந்து மலாயில் கடிதம் வந்தால் வாசித்துச் சொல்கிறவர், மகஜர் எழுதுகிறவர், கோயில் திருவிழாக் கணக்குப் பார்க்கிறவர், நாடகம் பழக்குகிறவர், புருஷன் பெண்டாட்டி சண்டையில் மத்தியஸ்தம் பேசுகிறவர், எல்லாம் அவரே. இதற்குமேல் பள்ளி விவரங்களைக் கணினியில் ஏற்றும் வேலையும் இப்போது சேர்ந்திருக்கிறது. மிச்சம் இருக்கிற நேரத்தில் பாடம்!

இந்த மூட்டைகள் எப்படி அவர் தலையில் ஏறின? பழைய கதையைப் பார்க்க வேண்டும். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வேண்டும் என்றது. அந்தச் சட்டம் கூட்டு மலாய் மாநிலங்களுக்கு உரியது. கெடா அந்தக் கூட்டில் சேராத சுல்தான் நாடு. ஆனாலும் தோட்டப் பள்ளி எங்கும் ஒரே மாதிரிதான் முளைத்தது: ஒரு கொட்டகை, ஒரு கரும்பலகை, எல்லா வகுப்புக்கும் ஒரே ஆள். அந்த ஆள் யார்? பல தோட்டங்களில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு தொழிலாளி. சில இடங்களில் கங்காணி. சில இடங்களில் கிராணி. அதாவது, கிராணிகள்தாம் ஒரு காலத்தில் வாத்தியார் வேலையையும் சேர்த்துப் பார்த்தார்கள். இன்று அது தலைகீழாகிவிட்டது. வாத்தியார்தாம் கிராணி வேலையையும் சேர்த்துப் பார்க்கிறார்!

அந்த நாளில் அவருக்குச் சம்பளம் கொடுத்தது தோட்ட நிர்வாகம். குடியிருந்த வீடும் தோட்டத்து வீடு. தொழிலாளிக்காக ஒரு மகஜர் எழுதினால் வேலையும் போகும், வீடும் போகும். தெரிந்தே எழுதினவர்கள் உண்டு. அவர்களுக்கு நம் தலை தாழ்ந்த வணக்கம். 1956இல் எல்லா மொழிப் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரே சம்பளத் திட்டம் வந்த பிறகுதான் அந்தப் பயம் மெல்ல மெல்லக் குறைந்தது.

காகித வேலையை அற்பமாக எண்ண வேண்டாம். 1968ஆம் ஆண்டில் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1969இல் பிரஜையல்லாதவர் பெர்மிட் இல்லாமல் வேலை செய்ய முடியாது என்றாயிற்று. ஏறத்தாழ 60,000 பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். அவர்களில் பலர் இந்த நாட்டுப் பால்மரத்தில் ஆயுளைக் கழித்தவர்கள். ஒரு பாரம் எழுதாததும், ஒரு கையெழுத்துக் கிடைக்காததும் ஒரு குடும்பத்தையே கடல் கடத்தின. ஆகவே காகிதம் வேண்டும். அதை எழுத ஆள் வேண்டும். அந்த ஆள் எப்போதும் வாத்தியாராகவே இருக்க வேண்டுமா என்பதுதான் நம் கேள்வி.

நம் தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறோம். பெயர்கள் வேண்டாம். ஆறாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை. தகப்பன் இல்லை. வேறொரு தோட்டத்தில், பாட்டி வீட்டில் பிறந்தவள். பிறப்புப் பதியப்படவில்லை. பன்னிரண்டு வயதில் அடையாளக் கார்டு எடுக்க வேண்டும்; பிறப்புப் பத்திரம் இல்லாமல் எப்படி எடுப்பது? தாய்க்கு மலாய் வராது. ஒரு நாள் வெட்டை விட்டால் ஒரு நாள் கூலி போச்சு. வாத்தியார் தம் மோட்டார் சைக்கிளில் சுங்கை பட்டாணிக்குப் போனார், வந்தார். இந்தக் காகிதம் போதாது என்றார்கள். மறுபடி போனார். சாட்சி வேண்டும் என்றார்கள். பிள்ளை பிறந்த தோட்டத்தைத் தேடிப் போனார். இப்படிப் பதினோரு நாள். கடைசியில் பத்திரம் வந்தது. அந்தத் தாய் அவர் காலில் விழப் போனாள். அவர் பதறித் தடுத்தார். நமக்கும் கண் கலங்கிற்று.

ஆனால் கணக்கை முழுதாகப் பார்க்க வேண்டும் அல்லவா? அந்தப் பதினோரு நாளும் அவருடைய முதல் வகுப்புப் பிள்ளைகள் வேறு வகுப்பின் பின்வரிசையில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். வருஷ முடிவில் பதினான்கு பேரில் இரண்டு பேருக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரவில்லை. அவர்களில் ஒருவன், இந்தப் பேச்சைப் பேசுகிற நம் வீட்டுப் பிள்ளை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தத் தாய் எந்த வருஷம் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தாள் என்ற விவரம் நம் ஆபீஸ் புத்தகத்தில் இருந்தது. அலமாரியைத் திறந்தால் பத்து நிமிஷ வேலை. வாத்தியார் அலைவதை நாம் பார்த்துக்கொண்டிருந்தோம். 'அவர் பார்த்துக்கொள்வார்' என்று இருந்துவிட்டோம். குற்றம் வாத்தியார்மேல் இல்லை, தோழர்களே. குற்றம் நம்மேல்.

அப்படியானால் வாத்தியார் வகுப்பை விட்டு வெளியே வரவே கூடாதா? அதுவல்ல நாம் சொல்வது. சில வேலைகள் அவருக்கே உரியவை. கரும்பலகை தெரியாமல் கண்ணைச் சுருக்குகிற பிள்ளையை அவர்தான் கண்டுபிடிப்பார். பசியோடு வருகிறவனை அவர்தான் அறிவார். ஆறாம் வகுப்பு முடிந்ததும் நம் பிள்ளைகள் மலாய் போதிக்கும் இடைநிலைப் பள்ளிக்குப் போகிறார்கள். அந்தத் தாண்டலுக்கு அவர்களைத் தயார் செய்ய அவரால்தான் முடியும். இவற்றை வேறு யாரும் செய்ய முடியாது. மற்றவற்றை நாம் செய்யலாம்.

பள்ளிக்கூட விஷயம் சங்கத்தின் வேலையா என்று சிலர் கேட்பார்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் ஆர். எச். நாதன் அவர்கள் முன்நின்ற வேலைநிறுத்தத்தை நினைத்துப் பாருங்கள். கூலி உயர்வு கேட்டார்கள். கள்ளுக் கடையை மூடு என்றார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள். கூடவே எங்கள் பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு வேண்டும் என்றும் கேட்டார்கள். இதே பீடோங் மண்ணில், ஹார்வார்ட் தோட்டத்து ஏ. எம். சாமி அவர்களின் தொண்டர் படை 1946, 47இல் கள்ளுக்கு எதிராக நின்றது. கூலி வீடு போய்ச் சேர வேண்டும், அது பிள்ளையின் வயிற்றுக்கும் படிப்புக்கும் ஆக வேண்டும் என்பதே அந்தப் பாடுகளின் சாரம். பள்ளி நம் கோரிக்கையாகப் பிறந்தது. அதை வாத்தியார் ஒருவர் தலையில் ஏற்றிவிட்டுப் போக நமக்கு உரிமை இல்லை.

1957இல் நாட்டில் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530. தோட்டங்கள் கைமாறின, துண்டாடப்பட்டன, குடும்பங்கள் பட்டணத்துக்குப் போயின. அநேக வாத்தியார்களும் இன்று லயத்துப் பக்கத்தில் குடியிருப்பதில்லை. பட்டணத்திலிருந்து வந்து போகிறார்கள். பிள்ளைகளின் வேன் காசுக்குத் தம் பையில் கை விடுகிறவர்களும் உண்டு. பழைய மூட்டைகளை அப்படியே அவர்கள் தலையில் வைத்திருப்பது நியாயமா?

ஆகவே இந்தக் கிளையின் முன் நான்கு காரியங்களை வைக்கிறோம். முதலாவது, மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் கிராணிகள் இருவர் இந்த மண்டபத்தில் உட்காருவோம். பிறப்புப் பதிவு, கல்யாணப் பதிவு, சேமநிதி, சொக்சோ, எந்தப் பாரமானாலும் கொண்டு வாருங்கள். பிள்ளை பிறந்தால் 60 நாளுக்குள் பதிய வேண்டும். அந்தக் கெடு தவறாமல் பார்ப்பது இனி எங்கள் பொறுப்பு. இரண்டாவது, நிர்வாகத்துக்குப் போகும் மகஜர் கிளைக் காரியதரிசியின் கையெழுத்தோடு போகட்டும். மூன்றாவது, வேலையிலிருந்து ஓய்ந்த பாட்டிமார் முறை வைத்து, ஏழு மணிக்கு லயத்துப் பிள்ளைகளை எழுப்பி அனுப்பட்டும். நான்காவது, கோயில் கணக்கைக் கோயில் கமிட்டியே எழுதட்டும்.

இதில் பெரிய செலவு ஒன்றும் இல்லை. வேண்டியது நம் நேரத்தில் கொஞ்சம். நாம் ஒரு நாள் போய் நின்றால், வாத்தியாருக்கு ஒரு நாள் வகுப்பு மிஞ்சும். ஒரு நாள் வகுப்பு மிஞ்சினால், பின்வரிசையில் இருக்கிற பிள்ளைக்கு ஓர் எழுத்துக் கூடுதலாக வரும்.

ஐயா வாத்தியார் அவர்களே, இத்தனை நாள் சுமந்தீர்கள். மூட்டையை இறக்கி வையுங்கள். எங்கள் பங்கை நாங்கள் தூக்குகிறோம். நீங்கள் வகுப்புக்குப் போங்கள்.