பத்துக்குப் பத்துப் பொருத்தம்

(பெங்களூருக் கிளைக் கூட்டத்தில் மருத்துவ அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரை)



ரத்தப் புற்றுநோயைப் பற்றிப் பேச வேண்டும் என்று காரியதரிசி கேட்டுக்கொண்டார். பயப்பட வேண்டாம். நான் பேசப்போவது நமக்கெல்லாம் கைவந்த விஷயம்தான்: பொருத்தம் பார்ப்பது.

நம் உடலில் ரத்த அணுக்கள் உற்பத்தியாகும் இடம் எலும்பு மஜ்ஜை. அங்குள்ள ஸ்டெம் செல்களே எல்லாவற்றுக்கும் மூலம். அந்த ஊற்றே கெட்டுப்போனால் லுகேமியா போன்ற வியாதிகள் வருகின்றன. பலருக்கு மருந்திலேயே குணமாகிவிடுகிறது. சிலருக்கு அது போதாமல், கெட்ட மஜ்ஜையைத் தீவிர மருந்துகளால் அழித்துவிட்டு, இன்னொருவரின் ஸ்டெம் செல்களை ரத்தம் ஏற்றுவது போலவே ஏற்றுகிறார்கள். அவை தாமாகவே வழி கண்டு எலும்புக்குள் குடியேறிவிடுகின்றன.

அமெரிக்காவில் டாக்டர் டோனல் தாமஸ் 1950-களில் இதைத் தொடங்கியபோது, உருவொத்த இரட்டையர்களைத் தவிர மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தோல்விதான். பலர் கைவிட்ட பிறகும் அவர் விடவில்லை. 1990-ல் நோபல் பரிசு பெற்றார். நம் நாட்டில் 1983-ல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் டாக்டர் சுரேஷ் அத்வானியும், 1986-ல் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் மம்மன் சாண்டியும் இச்சிகிச்சையைத் தொடங்கினார்கள். இன்று பெங்களூரிலேயே பல மருத்துவமனைகளில் நடக்கிறது.

இதற்குப் பார்க்க வேண்டியது எச்.எல்.ஏ. பொருத்தம். முக்கியமான ஐந்து மரபணுக்கள். ஒவ்வொன்றிலும் தகப்பனார் வழி ஒன்று, தாயார் வழி ஒன்று. ஆக மொத்தம் பத்து. ‘பத்துக்குப் பத்து’ என்றே டாக்டர்கள் சொல்வார்கள். ரத்த குரூப் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. சிகிச்சைக்குப் பின் நோயாளியின் குரூப் கொடுத்தவருடையதாக மாறிவிடும்!

உடன்பிறந்த ஒருவருக்கு முழுப் பொருத்தம் அமைய நாலில் ஒரு வாய்ப்பு. நம் பாட்டிமார் காலத்தில் வீட்டுக்கு ஏழெட்டுக் குழந்தைகள். இன்று ஒன்று, மிஞ்சினால் இரண்டு. பெற்றோரிடம் பாதிப் பொருத்தம் இருக்கும். அதை வைத்தும் இப்போது செய்கிறார்கள். இருந்தாலும் வெளியாரிடம் முழுப் பொருத்தம் கிடைக்குமா என்றும் தேடுகிறார்கள். இது வம்சவழி வருவதால், தலைமுறை தலைமுறையாகத் தமக்குள்ளேயே சம்பந்தம் செய்துகொண்ட ஒவ்வொரு சமூகத்திலும், அந்த வட்டத்துக்குள் பொருத்தம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

ஆனால் பதிவு செய்திருந்தால்தானே கிடைக்கும்? சுமார் 8 கோடிப் பேர் உள்ள ஜெர்மனியில் ஏறக்குறைய 1 கோடிப் பேர் பதிந்திருக்கிறார்கள். 140 கோடிக்கு மேல் உள்ள நம் நாட்டில் சில லட்சங்களே. சென்னையில் 2009-ல் தொடங்கிய தாத்ரி, பெங்களூரில் டி.கே.எம்.எஸ். அமைப்பின் இந்தியக் கிளை ஆகியவை இப்பணியைச் செய்கின்றன. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவிக் கொடுத்தால் பதிவு முடிந்தது.

என் பெண் கல்லூரியில் படிக்கும்போது அப்படிப் பதிந்திருந்தாள். அவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம், பொருந்துகிறது என்று அழைப்பு வந்தது. “கல்யாணம் ஆகட்டும், பிள்ளை வீட்டார் என்ன நினைப்பாளோ” என்றாள் என் மனைவி. டாக்டரான நானும் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் பெண்ணே கேட்டாள்: “யாரோ, எந்த ஊரோ தெரியாது. ஆனா அந்த வீட்டிலேயும் ஒரு அப்பா இருப்பாரோன்னோ?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஐந்து நாள் ஊசி, பிறகு சில மணி நேரம் கையில் குழாயுடன் படுத்திருந்தாள், அவ்வளவுதான். கொஞ்சம் உடம்பு வலி, தலைவலி. முதுகெலும்பைத் தொடுவதே இல்லை. சிலருக்கு மட்டும் மயக்கம் கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து எடுப்பார்கள். கொடுத்தது உடலில் மீண்டும் ஊறிவிடும். பின்னால் கல்யாணமும் நல்லபடியாக நடந்தது.

ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் மஜ்ஜையை அழிக்கத் தொடங்கிய பிறகு கொடுப்பவர் பின்வாங்கினால், அவர் உயிருக்கே ஆபத்து. ஆகவே வேண்டாம் என்பதானால் முதலிலேயே சொல்லிவிடட்டும். சம்மதித்தபின் மாறக் கூடாது.

எந்த ஊரில் இருந்தாலும் உங்கள் பிள்ளைகளிடமும் பேரன் பேத்திகளிடமும் இதைச் சொல்லுங்கள். பதிவு பெரும்பாலும் 18 வயது முதல் 50 வயது வரை. பொருந்துவது எந்த ஜாதி, எந்த மதத்தவருக்கு என்று நாம் பார்க்க வேண்டாம். பத்தும் பொருந்தி வந்த பிறகு, பெரியவர்களாகிய நாம் குறுக்கே நிற்காமல் இருந்தால் போதும்.