வயிற்றுக்கு ஏது கோடை விடுமுறை?

(விவசாயத் தோழர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



உழவர் சந்தை உங்களுக்குப் புதிதல்ல. விடியற்காலையில் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். வெயில் ஏறுமுன் வியாபாரம் முடிந்துவிடும். அமெரிக்காவிலும் இப்படிச் சந்தைகள் உண்டு. பூங்காவிலோ, தேவாலயத்துத் திடலிலோ, வாரத்துக்கு ஒருநாள் இரண்டுநாள் சுற்றுவட்டார விவசாயிகள் விளைச்சலைக் கொண்டுவந்து நேராக ஜனங்களிடம் விற்கிறார்கள். அத்தகைய சந்தைகள் சிலவற்றில் கோடைக்காலத்தில் ஒரு மேஜை போடப்படுகிறது. அந்த மேஜையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

அங்கே குழந்தைகளுக்கு இலவசச் சாப்பாடு. சாப்பாடு என்றால் சாம்பார் சாதம் அல்ல. ஒரு குவளை பால், ரொட்டி, கொஞ்சம் இறைச்சியோ பயறோ, பழம், காய்கறி. 18 வயது வரை யார் வந்தாலும் தட்டு உண்டு.

உலகிலேயே பணக்கார நாடு என்று தம்பட்டம் அடிக்கிறார்களே, அங்கே குழந்தைக்குச் சந்தையில் சோறு போடவேண்டிய அவசியம் என்ன? அவசியம் இருக்கிறது, தோழர்களே! 2019ல் அந்த நாட்டில் ஏறத்தாழ 3 கோடிக் குழந்தைகள் பள்ளியில் மதிய உணவு உண்டார்கள். அவர்களில் 2 கோடிக்கும் மேற்பட்டோர் இலவசமாகவோ சலுகை விலையிலோ உண்டவர்கள். கோடையில் பள்ளிக்கூடம் பூட்டப்படுகிறது. பூட்டு, வகுப்பறைக்கு மட்டுமா? சமையற்கூடத்துக்கும் சேர்த்துத்தான். பாடத்துக்கு விடுமுறை விடலாம். பசிக்கு யார் விடுமுறை விடுவது?

இதற்காக 1968ல் பரீட்சார்த்தமாக ஓர் ஏற்பாடு துவங்கி, 1975ல் கோடைக்கால உணவுத் திட்டம் தனித் திட்டமாயிற்று. பள்ளி நிர்வாகமோ, நகரசபையோ, தர்ம ஸ்தாபனமோ பொறுப்பேற்று உணவு பரிமாற வேண்டும். தட்டுக்கு இவ்வளவு என்று மத்திய சர்க்காரின் விவசாய இலாகா பணம் கொடுக்கும். இதில் நாம் மெச்சவேண்டிய விதி ஒன்று உண்டு. ஒரு வட்டாரத்துக் குழந்தைகளில் பாதிப்பேர் இலவச அல்லது சலுகை உணவுக்கு உரியவர்களாக இருந்தால், அங்கே திறந்த உணவிடம் நடத்தலாம். அங்கு வருகிற குழந்தையிடம் வருமானச் சான்று கேட்பதில்லை, "உன் தகப்பன் என்ன சம்பாதிக்கிறான்?" என்று விசாரிப்பதில்லை. வந்தாயா, உட்கார், சாப்பிடு!

சந்தை இதற்குப் பொருத்தமான இடம். எப்படி? தாய் எப்படியும் காய்கறி வாங்க வருகிறாள். சர்க்கார் தரும் உணவு உதவி அட்டையைப் பல உழவர் சந்தைகளில் ஏற்றுக்கொள்கிறார்கள். கூடவந்த பிள்ளை சாப்பிடுகிறான். அவன் தர்மச் சோற்றுக்கு வரிசையில் நிற்பவனாகத் தெரிவதில்லை. சந்தைக்கு வந்த பிள்ளையாகத்தான் தெரிகிறான். வறுமையைவிட வறுமையைக் காட்டிக்கொடுப்பதுதான் பிள்ளைகளைச் சுடும். சத்துணவுக்குத் தட்டு எடுத்துப் போனவர்கள் நம்மிலேயே எத்தனை பேர்! அவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி மறுபக்கம். நகரச் சந்தையில் போடுகிற சாப்பாட்டைக் குழந்தை அங்கேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பொட்டலம் கட்டி வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. காய்ச்சலில் படுத்திருக்கும் தம்பிக்குத் தட்டு இல்லை. பக்கத்தில் நிற்கும் தாயின் தட்டுக்கும் சர்க்கார் பணம் தராது. அவள் காலையில் சாப்பிட்டாளா என்று கேட்க விதியில் இடமில்லை. யாராவது நன்கொடை தந்தால் அவளுக்கும் உண்டு. இல்லையேல் பிள்ளை உண்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். 2020ல் பெருந்தொற்று வந்தபோது இந்த விதிகளைத் தளர்த்தினார்கள். பெற்றோரே வந்து பொட்டலம் வாங்கிப் போனார்கள். வானம் இடிந்து விழவில்லை. ஆனால் தொற்று தணிந்ததும் விதி திரும்பி வந்தது. கிராமப்புறங்களில் மட்டும் 2023 முதல் எடுத்துப்போக வழி திறந்தார்கள்.

வேலைக்குப் போகும் தாய் பகல் வேளையில் பிள்ளையை எப்படி அழைத்து வருவாள்? பஸ் இல்லாத ஊரில் எட்டு வயதுப் பெண் எப்படித் தனியே வருவாள்? 2018 ஜூலைக் கணக்கைப் பாருங்கள். பள்ளி நாளில் இலவசமாகவோ சலுகையிலோ உண்ட ஏழு குழந்தைகளில் சுமார் ஒரு குழந்தைக்குத்தான் கோடை உணவு கிடைத்தது. மற்ற ஆறு பேர்?

இதன் பூர்வீகத்தையும் சொல்லவேண்டும். 1930களின் மந்தத்தில் விலை சரிந்து விவசாயி தவித்தபோது, சர்க்கார் உபரி விளைச்சலை வாங்கிப் பள்ளிகளுக்கு அனுப்பியது. 1946ல் ட்ரூமன் கையெழுத்திட்ட பள்ளி உணவுச் சட்டமும் குழந்தை நலத்தோடு இரண்டு காரணங்களைச் சேர்த்தே சொல்லியது: தேசப் பாதுகாப்பு, விளைபொருள் விற்பனை. குழந்தை பசித்திருக்கிறது என்ற ஒரு காரணம் மட்டும் போதவில்லை போலும்! 1969ல் ஓக்லாந்து நகரில் கருஞ்சிறுத்தைக் கட்சித் தோழர்கள் ஒரு தேவாலயத்தில் காலை உணவு போடத் துவங்கியபோது, சர்க்காரின் உளவு இலாகா அதையும் ஆபத்து என்றே பார்த்தது.

விவசாயிக்கும் குழந்தைக்கும் உள்ள இந்த உறவு பொய்யல்ல. 2023 கணக்கில், அமெரிக்கர் உணவுக்குச் செலவிடும் ஒரு டாலரில் பண்ணைக்குச் சேர்ந்தது சுமார் 16 சென்ட். மீதி, பதப்படுத்துவோர், லாரி, மொத்த வியாபாரி, கடை, ஓட்டல் என்று போய்விடுகிறது. நேரடிச் சந்தையில் விவசாயிக்குக் கூடுதலாக நிற்கும். கோடை உணவுக்கான காய்களை அந்தச் சந்தையிலேயே வாங்கினால் இருவருக்கும் லாபம். ஆனால் நடந்ததென்ன? உள்ளூர் விளைச்சலைப் பள்ளிகளும் குழந்தைக் காப்பகங்களும் வாங்குவதற்கென்று வைத்திருந்த சுமார் 66 கோடி டாலர் திட்டத்தை 2025 மார்ச்சில் ரத்துசெய்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, கோடை மாதத்துக்குக் குழந்தைக்கு 40 டாலர் என்று உணவு அட்டை வந்தபோது, பத்துக்கு மேற்பட்ட மாநிலங்கள் சேர மறுத்துவிட்டன. உணவுப் பணம் முழுவதும் மத்திய சர்க்காருடையது. நிர்வாகச் செலவில் பாதிதான் மாநிலத்துடையது. அதுவும் கசந்தது!

நம் பக்கத்துக்கும் வருவோம். 1956ல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு, 1982ல் எம்.ஜி.ஆர். சத்துணவு, 2022ல் காலை உணவு என்று நாம் வந்த தூரம் கொஞ்சமல்ல. 1999ல் முதல் உழவர் சந்தை மதுரையில் திறக்கப்பட்ட நாள்கூட நவம்பர் 14, குழந்தைகள் தினம்! ஆனால் பள்ளிச் சமையற்கூடத்தின் அடுப்பு பள்ளி நாட்களுக்கான அடுப்பு. மே மாதம் கூலிக்குப் போகிற தாய் வீட்டில் எதை மூடிவைத்துவிட்டுப் போகிறாள் என்று இங்கேயுள்ள தாய்மார்களைக் கேளுங்கள்.

சற்றுமுன் ஒரு தோழர் கேட்டார்: "சந்தையில் சோறு போட்டால் யார் சமைப்பது?" நியாயமான கேள்வி. சமைப்பவருக்குக் கூலி வேண்டும், தண்ணீர் வேண்டும், நிழல் வேண்டும். தாய்க்கும் ஒரு தட்டு சேர்த்துக் கணக்குப் போடவேண்டும். அந்தக் கணக்கை இந்தக் கூட்டம் கலையுமுன் சேர்ந்து எழுதுவோம். பென்சிலும் காகிதமும் முன்வரிசையில் இருக்கிறது.