புதைத்து வைத்த மதிப்பெண் பட்டியல்

பொதுக்காலம் 33ஆம் ஞாயிறு, வானொலி மறையுரை (மத்தேயு 25:14-30)



நவம்பர் மாதம் கல்லூரிகளில் செமஸ்டர் தேர்வுக் காலம். "ஃபாதர், பிள்ளைக்காக ஜெபம் பண்ணுங்க" என்று வருகிற பெற்றோர், முடிவு வந்ததும் மறுபடி வருவார்கள். "பிளஸ் டூவில 600க்கு 560 எடுத்தவன் ஃபாதர். இப்போ வெறும் ஏழரை. காலேஜுக்குப் போய்க் கெட்டுப்போயிட்டான்."

இந்த ஏழரை என்ன என்று முதலில் பார்த்துவிடுவோம். ஜோசியர் சொல்லும் ஏழரை அல்ல, பயப்படாதீர்கள்! எடுத்துக்காட்டாக, ஒரு கல்லூரியில் இப்படி கிரேடு போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே 91ம் அதற்கு மேலும் எடுத்தால் 'ஓ' கிரேடு, அதற்கு 10 புள்ளி. 81 முதல் 90 வரை 9. 71 முதல் 80 வரை 8. ஆக, 71 எடுத்தவருக்கும் 80 எடுத்தவருக்கும் அதே எட்டுதான். ஒவ்வொரு பாடத்துக்கும் கிரெடிட் என்று ஓர் எடையும் உண்டு. நான்கு கிரெடிட் பாடத்தில் 8, இரண்டு கிரெடிட் செய்முறையில் 10 என்றால், 32ம் 20ம் சேர்ந்து 52. அதை ஆறால் வகுத்தால் 8.67. பள்ளியில் கூட்டிப் போட்ட மொத்தத்தோடு இதை ஒப்பிட்டால் கணக்கே தப்பாகிவிடும்.

அப்படியானால் எது நல்ல மதிப்பெண்? எந்தக் கதவைத் தட்டப் போகிறோம் என்பதைப் பொறுத்தது அது. வளாக நேர்முகத் தேர்வுக்கு வரும் நிறுவனங்கள் பல, ஆறோ ஏழோ இருக்கிறதா, அரியர் நிலுவை இல்லையா என்று பார்க்கின்றன. கல்லூரி ஆசிரியராவதற்கான நெட் தேர்வு எழுத, பொதுப்பிரிவினருக்கு முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும். ஐ.ஏ.எஸ். தேர்வுக்கோ பட்டம் இருந்தால் போதும், குறைந்தபட்ச மதிப்பெண் கிடையாது. மதிப்பெண்ணே முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. மேற்படிப்புக்கு அது வேண்டும். ஆனால் அரியர் இல்லாத ஏழரையைப் பார்த்துக் கண்ணீர் விடத் தேவையில்லை.

நற்செய்திக்கு வருவோம். ஐந்து தாலந்து பெற்றவர் மேலும் ஐந்து ஈட்டினார், இரண்டு பெற்றவர் இரண்டு ஈட்டினார். தலைவர் இருவரையும் பாராட்டும் சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒரு சொல்கூட மாறவில்லை. 'அவனைப் பார், ஐந்து கொண்டு வந்திருக்கிறான்' என்று இரண்டாமவரிடம் அவர் சொல்லவே இல்லை.

மூன்றாம் பணியாளரைத்தான் நாம் சோம்பேறி என்று சொல்லிவிட்டுக் கடந்துபோகிறோம். அவர் கையில் இருந்தது சிறு தொகை அல்ல. ஒரு தாலந்து 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. ஏறக்குறைய இருபது ஆண்டு உழைப்பை அவர் மண்ணில் புதைத்தார். ஏன்? அவரே காரணம் சொல்கிறார்: பயம். தலைவர் கடின உள்ளத்தவர் என்று அவர் முடிவு செய்துவிட்டார். அந்தத் தலைவரோ தம் உடைமையையே நம்பி ஒப்படைத்துவிட்டுப் போனவர்!

நம் வீடுகளிலும் இப்படிப் புதைப்பது நடக்கிறது. முதல் ஆண்டில் கணிதத்தில் ஓர் அரியர். அடுத்த முறை எழுதினால் தீர்ந்துபோகும். ஆனால் "ரிசல்ட் இன்னும் வரலப்பா" என்று ஒரு பொய். தேர்வுக் கட்டணத்துக்கு நண்பனிடம் கடன். ஒன்று மூன்றாகி, ஐந்தாகி, இறுதியாண்டில் நிறுவனங்கள் வந்து நிற்கும்போதுதான் அப்பாவுக்குத் தெரிகிறது. அதுவரை அந்தப் பிள்ளை ஒரே வீட்டில் தனியாகத் துன்பப்பட்டிருக்கிறது.

பெற்றோரே, நீங்கள் கடின உள்ளத்தவர் என்று நான் சொல்லவில்லை. வயலை அடகு வைத்துப் படிக்க வைக்கிறவர்கள் நீங்கள். ஆனால் உங்கள் பிள்ளை உங்களை எப்படிப் பார்க்கிறது? அடுத்த முறை முடிவு வரும்போது, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெயரை எடுக்காமல், "எந்தப் பாடம் கஷ்டமா இருந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள்.

மறைத்து வைத்திருக்கும் தம்பி, தங்கையே, இன்றைக்கே அம்மாவிடம் சொல்லிவிடு. பயமாக இருந்தால் உன் பங்குத்தந்தையிடம் போ, உன்னோடு வீட்டுக்கு வரச் சொல்லிக் கேள்.

இன்றைய திருப்பலியில், தேர்வு எழுதும் பிள்ளைகளுக்காக மன்றாடும்போது அரியர் எழுதும் பிள்ளைகளையும் சேர்த்தே சொல்வோம். ஆமென்.